சத்தம் போட்டுப் படிக்கும் பள்ளிக்கூடம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள், "பிள்ளைகளே, நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். பிள்ளைகளும் கை தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எப்படிப் படித்தால் படிப்பு இனிக்கும், கசந்த படிப்பை எப்படி ருசியாக்குவது என்று சொல்லித் தருகிறவர்கள் குறைவு. அதைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் பேச நினைக்கிறேன். அதற்கு உதாரணமாக, ஈராயிரம் ஆண்டுகளாகப் படிப்பையே ஒரு வழிபாடாக வைத்திருக்கும் ஓர் இனத்தாரை எடுத்துக்கொண்டேன். அவர்கள் யூதர்கள்.

யூதர் என்றதும் பெரியவர்களுக்குச் செய்தித்தாளில் வரும் போர்ச் செய்திதான் நினைவுக்கு வரும். நான் அரசியல் பேசப் போவதில்லை. அவர்களுடைய சமயப் படிப்பைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன். அவர்கள் நமக்கு அடியோடு தெரியாத மக்களும் அல்லர். பினாங்கில் அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் 1878-இல் கட்டிய அவர்களுடைய தொழுகைக்கூடம் இருக்கிறது. 1955-இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராகப் பதவியேற்ற டேவிட் மார்ஷல் ஒரு யூதர்தான்.

சரி, அவர்கள் படிக்கும் நூல் என்ன? மோசே வழியாக வந்தது என்று அவர்கள் போற்றும் வேதம் தோரா. அதையொட்டி வாய்வழியாக வந்த சட்டதிட்டங்களை ஏறக்குறைய கி.பி. 200-இல் யூதா என்ற தலைவர் தொகுத்தார். அது மிஷ்னா. அந்த மிஷ்னாவை வைத்துக்கொண்டு பாபிலோன் நாட்டுப் பள்ளிகளில், அதாவது இன்றைய ஈராக்கில், பல தலைமுறை ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்ட கேள்வி, சொன்ன பதில், மறுத்த மறுப்பு, நடுநடுவே கதை, வைத்தியம், வேடிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் தல்மூத். சட்டப் புத்தகம் என்றுதான் பெயர். ஆனால் திறந்து பார்த்தால் ஒரு பெரிய திண்ணைப் பேச்சை அப்படியே எழுதி வைத்த மாதிரி இருக்கும். ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் "அதெப்படி?" என்பார், மூன்றாமவர் "இருவரும் தப்பு" என்பார். தோற்றுப் போனவருடைய கருத்தையும் அடித்துவிடாமல் பெயரோடு பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த நூலின் பக்கத்தைப் பார்த்தாலே இது தெரியும். நடுவில் மூலம். சுற்றிலும் பொடி எழுத்தில் உரைகள். ஒரு பக்கம் ராஷி என்பவரின் உரை. பிரான்சு நாட்டுத் துருவா என்னும் ஊரில் 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர் அவர். மறுபக்கம் அவருடைய பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய வழியில் வந்தவர்களும் அந்த ராஷியையே மடக்கிக் கேட்கும் கேள்விகள். தாத்தா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடவில்லை, பாருங்க! ராஷியும் லேசுப்பட்டவர் அல்லர். கடினமான சொல் வந்தால், தம் ஊர் மக்கள் வீட்டில் பேசிய பிரெஞ்சு மொழியில் அதற்கு என்ன பெயர் என்று எபிரேய எழுத்திலேயே எழுதிவிடுவார். இன்றைக்குப் பழைய பிரெஞ்சு மொழியை ஆராய்கிறவர்கள் அவருடைய உரையைத் தேடிப் போகிறார்கள். தாய்மொழியில் சொன்னால்தான் பிள்ளைக்குப் பிடிபடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோராவில் ஓர் இடத்துக்கு உரை எழுதும்போது, இந்த வார்த்தை எதற்காக வந்திருக்கிறது என்பது தமக்கு விளங்கவில்லை என்றே எழுதி வைத்திருக்கிறார். சும்மா தாண்டிப் போயிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தெரியாது என்று எழுத அவ்வளவு பெரிய அறிஞர் வெட்கப்படவில்லை.

இப்போது அவர்கள் படிக்கும் இடத்துக்கு வருவோம். நம்முடைய நூல்நிலையத்தில் என்ன எழுதிப் போட்டிருக்கிறோம்? "அமைதி காக்கவும்." யூதர்களின் சமயக் கல்லூரியை யெஷிவா என்பார்கள். அங்குள்ள படிப்புக் கூடத்துக்குள் புதிதாகப் போகிறவர்கள் சந்தைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று திகைப்பார்கள். அத்தனை சத்தம். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு இரண்டு பேர் எதிர் எதிராக உட்கார்ந்து, ஒருவித ராகம் போட்டு வாய்விட்டுப் படிப்பார்கள். நம் பிள்ளைகள் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்வார்களே, அது போல. ஆனால் ஒரு வித்தியாசம். இங்கே கேள்விக்கு ஒரு ராகம், பதிலுக்கு ஒரு ராகம். இரண்டு வரி படித்ததும் நிறுத்தி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று ஒருவன் கேட்பான். மற்றவன் சொல்வான். "இல்லை, ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்பான் முதலாமவன். மேசையைத் தட்டுவார்கள், கை ஆட்டுவார்கள். பார்க்கிறவர்களுக்குச் சண்டை போலத் தோன்றும். பிறகு இருவரும் சேர்ந்துதான் சாப்பிடப் போவார்கள்.

இப்படி இருவர் சேர்ந்து படிக்கும் முறைக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். கூட்டு, தோழமை என்று அர்த்தம். ஆசிரியர் பாடம் சொல்லும் நேரம் கொஞ்சம்தான். மற்ற நேரமெல்லாம் இந்த ஜோடிப் படிப்புத்தான்.

வாய்விட்டுப் படிக்கும் வழக்கத்துக்குத் தல்மூதிலேயே ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் பெரூரியா என்ற ஒரு பெண்மணி இருந்தார். ஆண்களே படித்த காலத்தில் பெரிய அறிஞர் என்று பெயர் எடுத்தவர். ஒரு மாணவன் முணுமுணுத்துக்கொண்டே படிப்பதைப் பார்த்தாராம். என்ன செய்தார் தெரியுமா? காலால் ஓர் உதை விட்டார்! உடம்பு முழுக்கச் சேர்ந்து படித்தால்தான் பாடம் தங்கும் என்பது அவருடைய கட்சி. (ஆசிரியர் பெருமக்கள் உதையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

அப்படி என்னதான் வாதம் செய்வார்கள்? சிறு பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுக்கும் ஒரு பாடத்தைச் சொல்கிறேன். பிள்ளைகளே, காதைக் கொடுங்கள்.

இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நீதிபதி முன்னால் வருகிறார்கள். "நான்தான் கண்டெடுத்தேன், முழுவதும் என்னுடையது" என்கிறான் ஒருவன். மற்றவனும் அதையே சொல்கிறான். சாட்சி இல்லை. என்ன செய்வது? இருவரும் சத்தியம் செய்ய வேண்டும், பிறகு அதன் மதிப்பைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்கிறது மிஷ்னா.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இனிமேல்தான் இருக்கிறது. என்னவென்று சத்தியம் செய்வது? "முழுவதும் என்னுடையது" என்று சத்தியம் செய்துவிட்டுப் பாதியை வாங்கிக்கொண்டு போனால், நீதிமன்றமே அவனைப் பொய்யன் ஆக்கிவிட்ட மாதிரி ஆகிறதே! சரி, "பாதி என்னுடையது" என்று சத்தியம் செய்யச் சொன்னால், முழுவதும் என்னுடையது என்று முதலில் சொன்னானே, அதை அவனே வாபஸ் வாங்கின மாதிரி ஆகிறதே! அதனால் மிஷ்னா ரொம்ப யோசித்து ஒரு வாசகம் வைத்திருக்கிறது. இந்தத் துணியில் எனக்குப் பாதிக்குக் குறையாமல் பங்கு உண்டு என்று இருவரும் சொல்ல வேண்டும். முழுவதும் கேட்டவன் பொய்யனும் ஆகவில்லை, பாதி வாங்கிக்கொள்ளவும் தடை இல்லை.

அடுத்து இன்னொரு வழக்கு. ஒருவன் முழுவதும் தனக்கு என்கிறான். மற்றவன் பாதிதான் தனக்கு என்கிறான். இப்போது எப்படிப் பிரிப்பது? வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவோடு யோசித்துப் பாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் மேடையில் விடுகதை போட்டுவிட்டு விடை சொல்லாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். முதலாமவனுக்கு முக்கால், இரண்டாமவனுக்குக் கால். எப்படி? பாதி துணி முதலாமவனுக்குத்தான் என்று இரண்டாமவனே ஒப்புக்கொண்டுவிட்டான். அதில் தகராறு இல்லை. தகராறு மிச்சப் பாதியில் மட்டும்தான். அந்தப் பாதியை இரண்டாக வெட்டுங்கள். கணக்கு சரியாகிறதா? இந்த ஒரு பாடத்தையே யெஷிவா மாணவர்கள் வாரக்கணக்கில் விடாமல் குடைவார்கள். ஒருவன் இறுக்கிப் பிடித்திருக்கிறான், மற்றவன் ஓரத்தை மட்டும் பிடித்திருக்கிறான் என்றால்? சத்தியம் செய்ய ஒருவன் மறுத்தால்? தல்மூதின் ருசி இங்கேதான் இருக்கிறது. விடை தெரிந்ததும் முடிந்துவிடுகிற படிப்பு இல்லை அது. ஒரு விடை கிடைத்தால் மூன்று கேள்வி முளைக்கும்.

சில கேள்விகளுக்கு விடையே கிடைக்காது. அங்கே "தேக்கு" என்று ஒரு சொல்லைப் போட்டு நிறுத்திவிடுவார்கள். நம்ம தேக்கு மரம் இல்லீங்க, இது அரமேயச் சொல். 'நிற்கட்டும்' என்று பொருள். எலியா தீர்க்கதரிசி திரும்பி வரும்போது தீர்த்து வைப்பார் என்று பிற்காலத்தார் விளக்கம் சொன்னார்கள். இன்றைக்கு இஸ்ரேலில் காற்பந்து ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தால் அதற்கும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

மாணவர்களே, உங்களுக்குப் படிப்புத் தோழன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று கேட்டால், நீ சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் வேண்டவே வேண்டாம் என்பேன். மூன்றாம் நூற்றாண்டில் கலிலேயா நாட்டில் ரபி யோகனான் என்ற பெரிய ஆசான் இருந்தார். ரபி என்றால் ஆசான். அவருடைய தோழர் ரேஷ் லாக்கீஷ். இந்த ரேஷ் லாக்கீஷ் முன்பு கொள்ளைக்காரராகத் திரிந்தவர். யோகனான்தான் அவரைத் திருத்திப் படிக்க வைத்து, தம் தங்கையையும் மணம் முடித்துக் கொடுத்தார். ஒரு நாள் வாள், கத்தி பற்றிய ஒரு சட்டத்தில் இருவருக்கும் கருத்து வேற்றுமை. கோபத்தில் யோகனான், திருடனுக்குத்தானே திருட்டு ஆயுதம் பற்றித் தெரியும் என்ற பாவனையில் குத்திக் காட்டிவிட்டார். பழைய வாழ்க்கையைக் கிளறிவிட்டார். அந்த ஒரு சொல் ரேஷ் லாக்கீஷை ஒடித்துப் போட்டுவிட்டது. படுத்தவர் எழுந்திருக்கவில்லை, இறந்துபோனார்.

யோகனான் துக்கத்தில் தவித்தார். அவரைத் தேற்றுவதற்காக எலெயாசர் என்ற கெட்டிக்கார அறிஞரை அனுப்பி வைத்தார்கள். யோகனான் எது சொன்னாலும், "ஆமாம் ஐயா, நீங்கள் சொல்வதற்கு இன்ன ஆதாரம் இருக்கிறது" என்று எடுத்துக் கொடுத்தார் அவர். நமக்கு அப்படி ஒருவர் கிடைத்தால் பூரித்துப் போவோம். யோகனானோ கதறினார். லாக்கீஷின் மகன் என் ஒவ்வொரு பேச்சுக்கும் 24 மறுப்புச் சொல்வானே, நான் 24 பதில் சொல்வேனே, அதில்தானே பாடம் தெளிந்தது. நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா, அதைச் சொல்லவா நீ வந்தாய் என்ற கருத்துப்படப் புலம்பினார். உடுப்பைக் கிழித்துக்கொண்டு, அவன் எங்கே, எங்கே என்று தேடித் திரிந்து, புத்தி பேதலித்து மாண்டார் என்று முடிகிறது கதை. தங்கள் நூலிலேயே தங்கள் ஆசானைப் பற்றி இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். கருத்தை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆளை அடிக்கக் கூடாது. அந்த எல்லையைத் தாண்டினால் எவ்வளவு பெரிய படிப்பும் உதவாது என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி எனக்குத் தெரியாது.

இந்தப் பக்கம் ஹில்லேல் பள்ளி, ஷம்மாய் பள்ளி என்று இரு பெரும் கட்சிகள் இருந்தன. எதற்கெடுத்தாலும் எதிரும் புதிரும். கடைசியில் பெரும்பாலும் ஹில்லேல் பள்ளியின் வழியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அதிக கெட்டிக்காரர்கள் என்பதற்காக இல்லையாம். அவர்கள் அடக்கமானவர்கள், எதிர்க்கட்சியின் கருத்தையும் சேர்த்துப் படித்தார்கள், அதிலும் எதிராளி சொன்னதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகுதான் தங்களுடையதைச் சொன்னார்கள் என்று காரணம் காட்டுகிறது தல்மூத்.

இதுவரை கெட்டிக்காரர்களின் கதையாகவே சொல்லிவிட்டேன். இன்று மேடைக்கு வந்து பரிசு வாங்கப் போகிறவர்கள் சிலர்தான். வாங்காத பிள்ளைகள்தான் அதிகம். பின்னால் நிற்கும் அப்பாக்களில் சிலர், "நம்ம பையனுக்குப் படிப்பு ஏறலைங்க" என்று சொல்லிக்கொண்டே வந்திருப்பார்கள். உங்களுக்குத்தான் ரபி பெரேதாவின் கதை.

அவரிடம் ஒரு மாணவன் இருந்தான். எந்தப் பாடமானாலும் 400 தடவை சொன்னால்தான் அவனுக்கு ஏறும். அவரும் சளைக்காமல் 400 தடவை சொல்வார். ஒரு நாள் அவரை ஒரு நற்காரியத்துக்கு அழைத்திருந்தார்கள். அன்றும் 400 தடவை சொன்னார். ஆனால் பையனுக்கு ஏறவில்லை. "இன்றைக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டார். ஐயாவை அழைத்த நேரத்திலிருந்து, இதோ எழுந்துவிடுவார், இதோ போய்விடுவார் என்றே மனம் அடித்துக்கொண்டிருந்தது என்றான் பையன். ஆசான் என்ன செய்தார்? கோபப்படவில்லை. மனதை இங்கே வை என்று சொல்லி மறுபடி 400 தடவை சொன்னார். வானத்திலிருந்து குரல் வந்து அவருக்கு வரம் கொடுத்ததாகக் கதை தொடர்கிறது. வரம் இருக்கட்டும். அந்தப் பையன் சொன்ன காரணத்தைப் பாருங்கள். அவனுக்கு மூளை இல்லாமல் இல்லை. சொல்லிக் கொடுப்பவர் எழுந்து போய்விடுவார் என்ற பயம் அவனுக்கு. இந்தப் பயம் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இருக்கிறது!

"நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது? நானே மூணாவதோடு நிறுத்தினவன்" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ரபி அகீபா என்று ஒருவர். யூத அறிஞர்களில் தலைசிறந்தவர்களில் ஒருவர், கி.பி. 135-ஐ ஒட்டி ரோமானியர் கையில் கொலையுண்டவர். அவர் 40 வயது வரை எழுத்து அறியாதவர் என்கிறது மரபு. ஆடு மேய்த்தவர். ஒரு நாள் கிணற்றடியில் கல் குழிந்திருப்பதைப் பார்த்தார். தண்ணீர் நாள்தோறும் விழுந்து விழுந்து குழிந்தது என்று சொன்னார்கள். இளகிய தண்ணீர் கல்லையே குடையும் என்றால் என் மனசு என்ன, கல்லைவிடக் கெட்டியா என்று யோசித்தார். தம் சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியாரிடம் போனார். எழுத்துப் பலகையின் ஒரு முனையை அப்பா பிடித்துக்கொண்டார், மறு முனையை மகன் பிடித்துக்கொண்டான். இருவரும் ஒரே நாளில் முதல் எழுத்தைக் கற்றார்கள்.

இந்த ஜோடிப் படிப்பின் சூட்சுமமே இதுதான். தோழனுக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. "எனக்கு விளங்கலையே, இன்னொரு தடவை சொல்லு", "அது ஏன் அப்படி?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். மங்கும் வாளியும் தூக்கின கையாக இருந்தால் என்ன, செம்பனைக் குலை வெட்டின கையாக இருந்தால் என்ன? பசியாறிய பிறகு பிள்ளையை எதிரில் உட்கார வைத்து, இன்றைக்கு வாத்தியார் என்ன சொன்னார் என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். உங்களுக்கு விளங்க வைக்கப் பிள்ளை படும் பாட்டில் பாடம் அதற்கு விளங்கிவிடும். டியூசன் காசும் மிச்சம்.

உழைப்பாளிகளுக்கும் இந்தப் படிப்புக்கும் இருந்த உறவு பெரிது. சற்று முன் சொன்ன ஹில்லேல், கிறிஸ்துவுக்குச் சற்று முன் வாழ்ந்தவர், தினக்கூலிக்காரர். கிடைத்த சின்னக் கூலியில் பாதியைப் பள்ளி வாசற்காவலனுக்குக் கட்டணமாகக் கொடுத்தார், பாதியில் குடும்பம் நடத்தினார். ஒரு நாள் வேலை கிடைக்கவில்லை. காவலன் உள்ளே விடவில்லை. கூரைமேல் ஏறி வெளிச்சத் துவாரத்தில் காதை வைத்துப் பாடம் கேட்டார். குளிர்காலம். விடிந்து பார்த்தால் கூடத்துக்குள் வெளிச்சம் வரவில்லை. அண்ணாந்து பார்த்தார்கள், துவாரத்தில் மனித உருவம். மேலே ஏறிப் பனியில் புதைந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். அன்று ஓய்வு நாள், நெருப்பு மூட்டக் கூடாத நாள். ஆனாலும் மூட்டினார்கள். இவருக்காக ஓய்வு நாளை மீறலாம் என்றார்கள் ஆசான்கள். எனக்கு இந்தக் கதையில் அந்த வாசற்காவலனை மட்டும் பிடிக்காது.

பெர்டிச்சேவ் என்று ஓர் ஊர், இன்றைய உக்ரேனில் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து தப்பி வந்த ஒரு பழைய புத்தகம் நியூயார்க்கில் ஓர் யூத ஆய்வு நிலையத்தின் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஒரு முத்திரை குத்தியிருந்தது. யாருடைய முத்திரை தெரியுமா? மிஷ்னா படிப்பதற்காக அந்த ஊர் விறகுவெட்டிகள் வைத்திருந்த சங்கத்தின் முத்திரை! காட்டு வேலை செய்கிறவர்கள், ஊரில் அந்தஸ்து குறைந்தவர்கள். அவர்களுக்கென்று ஒரு படிப்புச் சங்கம், அதற்கு ஒரு முத்திரை, அதற்குச் சொந்தமாகப் புத்தகம். சம்பளம் கூடும், பதவி கிடைக்கும் என்பதற்காக அவர்கள் படிக்கவில்லை. படித்தால் அன்றைய பொழுது மேன்மையாகிறது என்று படித்தார்கள். அந்தச் சங்கத்தில் யார் முதல் மாணவன் என்று முத்திரை சொல்லவில்லை.

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று சொன்னால் பொய்யாகும். இடைக்கால ஜெர்மனியிலும் பிரான்சிலும் பிள்ளையை முதன்முதலாக வாத்தியாரிடம் விடும்போது, பலகை எழுத்தின்மேல் தேன் தடவி நக்கச் சொல்வார்கள். நாம் அரிசியில் எழுத வைப்பது மாதிரி. ஆனால் தேன் நக்கிய பிள்ளைகளில் பலர் பிற்பாடு பிரம்படியும் வாங்கினார்கள். கிழக்கு ஐரோப்பாவின் சின்னப் பள்ளிகளில் இருட்டறையும் முரட்டு வாத்தியாரும் பட்ட பாட்டை யூத எழுத்தாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கோ முறையான பள்ளியே கிடையாது. சாரா ஷெனிரர் என்ற தையற்காரி, போலந்தின் கிராக்கோவ் நகரில் 1917-இல் தம் தையல் அறையில் 25 சிறுமிகளை உட்கார வைத்துத் தொடங்கினார். 1935-இல் அவர் இறப்பதற்குள் அது நூற்றுக்கணக்கான பள்ளிகளாகிவிட்டது. உடம்புக்குச் சட்டை தைக்க வருகிறவர்கள் உள்ளத்துக்கு என்ன உடுத்துகிறார்கள் என்ற கவலைதான் அவரைத் தூண்டியது. தல்மூத் படிப்பு பெண்களுக்குப் பரவலாகத் திறக்க இன்னும் பல காலம் ஆயிற்று. 1977-இல் நியூயார்க்கில் ஒரு மகளிர் கல்லூரியில் ரபி சொலவெய்ச்சிக் போன்ற மூத்த ஆசான் தாமே வந்து முதல் பாடம் நடத்தியது பெரிய செய்தியாயிற்று. தாமதம்தான். மறைக்க ஒன்றுமில்லை.

சரி, இவ்வளவு பெரிய நூலைக் கூலி வேலைக்காரனும் கடைக்காரனும் எப்படிப் படித்து முடிப்பது? அதற்கு ஒரு வழி சொன்னவர் ரபி மேயர் ஷப்பீரோ. 1923-இல் வியன்னா நகரில் நடந்த மாநாட்டில், 36 வயதில் சொன்னார். நாளைக்கு ஒரே ஒரு தாள். முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம். உலகத்தில் எங்கே இருந்தாலும் எல்லாரும் அன்று அதே தாள். கப்பலேறிப் போய் அமெரிக்காவில் இறங்குகிறவன் அங்குள்ள படிப்புக்கூடத்தில் நுழைந்தால், தான் படித்துக்கொண்டிருந்த அதே இடத்தை அங்கேயும் படித்துக்கொண்டிருப்பார்கள், அந்நியன் என்ற எண்ணமே வராது என்று விளக்கினார். இன்றுள்ள கணக்கில் மொத்தம் 2,711 தாள். ஒரு சுற்று முடிய ஏழு வருடம் ஐந்து மாதம். நியூயார்க் புறநகர் ரயிலில் 1990-களில் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பெட்டியையே வகுப்பாக்கிக்கொண்டார்கள். நாளுக்கு ஒரு தாள் என்றால் ஆழம் இருக்காது, மேலோட்டமான படிப்பு என்று குறை சொல்கிறவர்கள் யூதர்களிலேயே உண்டு. குறை உண்மைதான். ஆனால் ஒரு தாளும் படிக்காதவனுக்கு ஆழம் எங்கிருந்து வரும்?

ஷப்பீரோ 1930-இல் லுப்ளின் நகரில் பெரிய யெஷிவா ஒன்றும் கட்டினார். 1933-இல் இளவயதிலேயே இறந்துவிட்டார். 1939-இல் நாஜிகள் வந்தார்கள், பள்ளி மூடப்பட்டது. அங்கே படித்தவர்கள், அவர்களுடைய குடும்பங்கள், ஊர்கள், மேற்சொன்ன விறகுவெட்டிகளின் வாரிசுகள், பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அறுபது லட்சம் உயிர்கள். போர் முடிந்து முகாம்களில் மிஞ்சிக் கிடந்தவர்கள், உடுத்த உடையும் ஊரும் இல்லாதவர்கள், எங்களுக்குத் தல்மூத் வேண்டும் என்று கேட்டார்கள். ஐரோப்பாவில் முழுப் பிரதி கிடைப்பதே அரிதாகியிருந்தது. ஒரு தொகுதியைத் தேடிப் பிடித்து, 1948-ஐ ஒட்டி, அதே ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில், அமெரிக்க இராணுவத்தின் உதவியோடு அச்சடித்துக் கொடுத்தார்கள். சோறும் துணியும் கேட்க வேண்டிய நேரத்தில் புத்தகமும் கேட்டார்கள். அவர்களுக்குப் படிப்பு பாரமாக இருந்திருந்தால் கேட்டிருப்பார்களா?

நாளுக்கு ஒரு தாள் திட்டத்தின் 13-ஆவது சுற்று 2020 ஜனவரியில் முடிந்தது. நியூ ஜெர்சியில் ஒரு விளையாட்டு அரங்கில் ஜனவரி முதல் நாள், கடுங்குளிரில், ஏறத்தாழ 90,000 பேர் கூடினார்கள். அதே வாரம் ஜெருசலேமில் பெண்களுக்கென்று தனி விழா, ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அதுவும் ஒரு பரிசளிப்பு விழா மாதிரிதான். ஆனால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. வேகமாகப் படித்தவர், மெதுவாகப் படித்தவர், பாதி விளங்கிப் படித்தவர், எல்லாரும் ஒன்றாக நின்று ஆடுவார்கள்.

சிறிய அளவில் இந்த விழா ஊருக்கு ஊர் அடிக்கடி நடக்கும். தல்மூதில் ஒரு பகுதியைப் படித்து முடித்தால் போதும், விருந்து வைத்துவிடுவார்கள். அப்போது சொல்லும் ஒரு வாழ்த்து உண்டு. முடித்த பகுதியின் பெயரைச் சொல்லி, ஊருக்குப் போகிற உறவுக்காரரிடம் பேசுவது போலப் பேசுவார்கள். உன்னிடம் திரும்பி வருவோம், நீயும் எங்களை மறந்துவிடாதே என்ற பொருளில் மும்முறை சொல்வார்கள். பிறகு பாப்பா என்ற பழைய அறிஞரின் பத்துப் பிள்ளைகளின் பெயரை வரிசையாக ஒப்பிப்பார்கள். ஏன் அந்தப் பத்துப் பேர் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள், அதிலும் வாதம்தான்!

விருந்து முடியுமுன் யாராவது அடுத்த பகுதியை எடுத்து வந்துவிடுவார். இலை எடுப்பதற்குள் அங்கேயே சில வரிகள் படித்து வைப்பார்கள். தல்மூதின் எந்தப் பகுதியைத் திறந்தாலும் முதல் பக்கம் என்று ஒன்று இருக்காது; பெரும்பாலும் பக்க எண் இரண்டிலிருந்துதான் தொடங்கும். அச்சடித்தவர்கள் முகப்புத் தாளை ஒன்று என்று கணக்கில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் காரணம். பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்வது வேறு: எவ்வளவு படித்தவனும் முதல் பக்கத்தைப் பார்த்ததில்லையாம்.

பரிசு மேசை காத்திருக்கிறது, பிள்ளைகளுக்கும் பொறுமை போய்விட்டது.